வீட்டு ஷெட்டில் கார் லிப்ட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவையில் வீட்டுக்குப் பின்னால் ஒரு ஷெட், அதில் இரண்டு தூண் லிப்ட். ஒரு பழைய பிரீமியர் பத்மினி காரையும் வீட்டில் ஓடும் இரண்டு கார்களையும் அதில்தான் பார்த்துக்கொள்கிறேன். ஷெட்டை எட்டிப் பார்க்கிறவர்கள் முதலில் கேட்பது, "எந்தக் கம்பெனி? என்ன விலை?" என்றுதான். நான் திருப்பிக் கேட்பது, "உங்கள் கூரை எத்தனை அடி? தரைக்குக் கீழே என்ன இருக்கிறது?" லிப்ட் கடைசியாக வாங்க வேண்டிய சாமான். அதற்கு முந்தின வேலைகளைப் பற்றித்தான் கீழே அதிகம் இருக்கும்.

வருஷத்துக்கு இரண்டு தடவை ஆயில் மாற்றுவேன், பிரேக் பார்ப்பேன். எனக்கு லிப்ட் வேண்டுமா?

வேண்டாம். ஒரு நல்ல டிராலி ஜாக்கியும் நான்கு ஜாக்கி ஸ்டாண்டும் போதும். அதற்கே பெரும்பாலான வீடுகளில் வேலை இருக்காது. கிளட்ச், கியர்பாக்ஸ், சஸ்பென்ஷன் புஷ், சைலன்சர், துரு வெட்டி வெல்டிங் வைப்பது என்று காருக்கு அடியில் மணிக்கணக்காகக் கிடப்பவர்களுக்குத்தான் லிப்ட். என் விஷயத்தில் முடிவெடுத்தது நானல்ல, என் முதுகு.

லிப்ட் வாங்காவிட்டாலும் ஒன்று மட்டும் கேளுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் போகாதீர்கள். ஹாலோ பிளாக்கையோ செங்கல்லையோ முட்டுக் கொடுக்காதீர்கள். ஹாலோ பிளாக் உடைவதற்கு முன்னால் எச்சரிக்கை எதுவும் தராது.

என்னென்ன வகை இருக்கின்றன?

வாட்டர் சர்வீஸ் கடைகளில் தரைக்குள்ளிருந்து ஒற்றைக்காலில் எழும்புமே, அதுதான் மூத்தது. அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரத்து மெக்கானிக் பீட்டர் லுனாட்டி, சலூன் நாற்காலி மேலே போவதைப் பார்த்து அந்த யோசனையைப் பிடித்தார் என்பார்கள். 1925-ல் காப்புரிமை வாங்கினார். வீட்டுக்கு அது ஆகாது. ஆழமாகத் தோண்டி சிலிண்டரைப் புதைக்க வேண்டும். எண்ணெய் கசிந்தால் மண்ணுக்குள் போவது கண்ணுக்குத் தெரியாது.

வீட்டுக்கு யோசிக்கத் தகுந்தவை மூன்று. இரண்டு தூண் லிப்ட், தூண்களிலிருந்து நீளும் நான்கு கைகளால் காரை பாடியில் தாங்கித் தூக்கும், நான்கு சக்கரமும் தொங்கும். சஸ்பென்ஷன், பிரேக், கியர்பாக்ஸ் வேலைக்கு இதை மிஞ்ச ஆளில்லை. ஆனால் தரையில் போல்ட் அடித்தே ஆக வேண்டும், முழு பாரமும் அந்த போல்ட்டுகளை நம்பியே நிற்கிறது. நான்கு தூண் லிப்டில் கார் தன் சக்கரத்திலேயே இரண்டு பாதைகள் மேல் நிற்கும். தரையை அவ்வளவாகச் சோதிக்காது, பலவற்றை போல்ட் அடிக்காமலே வைக்கலாம். ஒரு காரை மேலே ஏற்றி இன்னொன்றைக் கீழே விடுவதற்கு இதுதான் சரி. சக்கரம் கழற்ற வேண்டுமென்றால் நடுவில் ஓடும் தனி ஜாக்கி வாங்க வேண்டும். மூன்றாவது கத்தரி லிப்ட், கடையில் 'சிசர்' என்று கேளுங்கள். பாதி உயர வகை ஒரு மீட்டர், ஒன்றே கால் மீட்டர் வரை தூக்கும். பிரேக், டயர், டிங்கரிங் வேலைக்கு அருமை. ஆனால் காரின் நடுப்பகுதியை லிப்டே அடைத்துக்கொள்வதால் கியர்பாக்ஸ் இறக்குவது பெரும்பாடு.

எங்கள் போர்டிகோ பத்துக்கு இருபது அடி. இரண்டு தூண் வைக்க முடியுமா?

முடியாது. வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்புவரை பதினொன்று, பதினொன்றரை அடி இருக்கும். அதற்கு மேல் பக்கத்துக்கு இரண்டடியாவது ஆள் நடக்க வேண்டும். பதினைந்து அடி அகலம் இல்லாத இடத்தில் அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள். நீளம் இருபதடி இருந்தால் சமாளிக்கலாம். இன்னோவா கிரிஸ்டா பதினைந்தரை அடி, மீதியில் முன்னால் நின்று பானெட்டைத் திறக்க இடம் கிடைக்கும்.

பத்தடி போர்டிகோவுக்கு மருந்து பாதி உயர கத்தரி லிப்ட். சக்கரம் வைத்துத் தள்ளும் வகையாக வாங்கினால் வேலை முடிந்ததும் சுவரோரம் நிறுத்திவிடலாம். வீட்டில் சண்டையும் குறையும்.

கூரை எவ்வளவு உயரம் வேண்டும்?

இரண்டு கணக்கு போட வேண்டும், பலர் ஒன்றைத்தான் போடுகிறார்கள்.

முதலாவது, தூணின் உயரம். இரண்டு தூண் லிப்டில் இரு பக்கமும் ஒன்றாக ஏறுவதற்கு வயர் ரோப்பும் எண்ணெய்க் குழாயும் ஒரு தூணிலிருந்து இன்னொன்றுக்குப் போக வேண்டும். அவை தலைக்கு மேல் குறுக்குச் சட்டத்தின் வழியே போகும் வகைக்குத் தூணே ஏறக்குறைய பன்னிரண்டடி. தரையில் தகடு போட்டு அதற்குள் போகும் வகைக்கு ஒன்பதரை அடிக்குள் முடிந்துவிடும். நம் ஊரில் வழக்கமான பத்தடிக் கூரைக்கு இரண்டாவது மட்டுமே பொருந்தும். நடுவில் தகடு தடுக்கும், டிராலி ஜாக்கியை உருட்டும்போது எரிச்சலாக இருக்கும், பழகிவிடும்.

இரண்டாவது, கார் மேலே போனபின் அதன் தலை எங்கே இடிக்கும் என்பது. லிப்டின் கை அதிகபட்சம் சுமார் 1.85 மீட்டர் போகிறது என்று வைத்துக்கொள்வோம். கை பிடிப்பது காரின் அடி விளிம்பை, அது தரையிலிருந்து ஏற்கெனவே 20 செ.மீ. போல மேலே இருக்கிறது. ஆகவே காரின் உயரத்தில் 20 செ.மீ. கழித்து 1.85-ஐக் கூட்டுங்கள். ஸ்விஃப்ட் 1.53 மீட்டர், கூட்டினால் 3.18. இன்னோவா கிரிஸ்டா கிட்டத்தட்ட 1.8 மீட்டர், அடி விளிம்பும் கொஞ்சம் உயரம், 3.4-க்கு வரும். பத்தடிக் கூரை என்பது 3.05 மீட்டர்தான். அதாவது ஸ்விஃப்டை முழுதாகத் தூக்க முடியாது, ஆனால் கைகள் 1.65 மீட்டரில் இருக்கும்போது நிறுத்தி லாக் போட்டால் சராசரி உயரமுள்ளவர் கொஞ்சம் குனிந்து வேலை செய்யலாம். இன்னோவாவுக்கு ஸ்டூலில் உட்கார்ந்து செய்ய வேண்டியதுதான்.

டேப் பிடிக்கும்போது ஸ்லாபின் அடியை மட்டும் அளக்காதீர்கள். பீம் ஓரடி கீழே இறங்கியிருக்கும். லாஃப்ட், டியூப் லைட், ரோலிங் ஷட்டர் சுருளும் பெட்டி எல்லாம் கணக்கில் உண்டு. எல்லாவற்றுக்கும் மேல் சீலிங் ஃபேன். ஒரு நண்பர் வீட்டில் அத்தனையும் அளந்துவிட்டு ஃபேனை மறந்தார். றெக்கை வளைந்ததோடு போயிற்று, அது ஓடாத நேரம். சுவர் ஃபேனுக்கு மாறுங்கள்.

டைல்ஸ் போட்ட தரையில் அப்படியே பூட்டலாமா?

கூடாது. டைல்ஸ் மட்டுமல்ல, அதற்கு அடியில் இருப்பதும் பெரும்பாலும் உதவாது. நம் வீடுகளில் தரை எப்படிப் போடுகிறார்கள்? மண் நிரப்பி, தண்ணீர் விட்டு இடித்து, மேலே 1:4:8 (சிமெண்ட், மணல், ஜல்லி) கலவையில் மூன்று நான்கு அங்குலம் பி.சி.சி., அதாவது கம்பியில்லாத கான்கிரீட், அதன் மேல் சாந்து, டைல்ஸ். ஆள் நடக்கவும் கார் நிற்கவும் அது போதும். தரைக்குள் அடித்து இறுக்கும் ஆங்கர் போல்ட்டைப் பிடித்து வைத்திருக்க அதில் சத்து கிடையாது.

போல்ட்டுக்கு என்ன வேலை என்று பாருங்கள். இரண்டு டன் காரில் தூணுக்கு ஒரு டன். அது தூணுக்கு நேர் மேலே இல்லை, கை நீண்டு உள்பக்கம் முக்கால் மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கிறது. தூண் உள்பக்கமாகச் சாயத்தான் பார்க்கும். அப்போது அடித்தகட்டின் வெளிப்பக்கம் தரையைவிட்டுக் கிளம்பும். அதைப் பிடித்து இழுத்து வைத்திருப்பவை வெளிப்பக்கத்து போல்ட்டுகள். உத்தேசக் கணக்கில் அவற்றின் மேல் ஒன்றரை டன் போல மேல்நோக்கி இழுக்கும். போல்ட் அறுவது அபூர்வம். அதைச் சுற்றியிருக்கும் கான்கிரீட் கூம்பு வடிவில் பெயர்ந்து வருவதுதான் வழக்கம்.

அப்படியென்றால் தரையை எப்படிப் போடுவது?

முதலில் உங்கள் லிப்டின் கையேட்டைப் பாருங்கள், அதில் எழுதியிருப்பதுதான் சட்டம். பல கையேடுகள் குறைந்தபட்சம் நான்கு அங்குலக் கான்கிரீட், பலம் 3,000 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு 3,000 பவுண்டு) என்று ஆரம்பிக்கும். நம் கணக்கில் அது ஏறக்குறைய எம்25 தரக் கான்கிரீட். ஆறு, எட்டு அங்குலம் கேட்பவையும் உண்டு. நான்கு அங்குலம் என்பது தொழிற்சாலைத் தரைபோல ஒரே சீராகப் போட்ட இடத்துக்கு. நம் வீட்டு மேஸ்திரி போடும் நான்கங்குலம் ஒரு மூலையில் ஐந்தாகவும் இன்னொரு மூலையில் மூன்றாகவும் இருக்கும்.

அனுபவித்துச் சொல்கிறேன். ஷெட் கட்டியவர் "ஆறு அங்குலம் போட்டிருக்குதுங்க, லாரியே நிறுத்தலாம்" என்று சத்தியம் செய்தார். லிப்ட் வந்து இறங்கிவிட்டது. பூட்ட வந்தவர் முதல் துளை போட்டார். மூன்று அங்குலத்தில் டிரில் 'விசுக்'கென்று மண்ணுக்குள் போனது. டிரில்லைக் கையில் பிடித்தபடி என்னைத் திரும்பிப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். ஒன்றரை மாதம் லிப்ட் தார்ப்பாய்க்குள் கிடந்தது. ஆகவே லிப்டுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்னால், ஹேமர் டிரில்லில் 10 மி.மீ. பிட் போட்டு, தூண் வரும் இடங்களில் இரண்டிரண்டு துளை போட்டு ஆழம் பாருங்கள். அரை மணி நேர வேலை.

பிறகு நான் செய்தது: பழைய தரையை வெட்டி எடுத்து, இரண்டு தூணுக்கும் சேர்த்து ஒரே பட்டையாகப் பதினான்கடி நீளம், ஐந்தடி அகலம், ஓரடி ஆழம். கீழே கெட்டிப்படுத்தி மெல்லிய பி.சி.சி., அதன் மேல் மேலும் கீழுமாக இரண்டு அடுக்கு கம்பிக் கட்டு, ஆறங்குல இடைவெளியில். கலவை எம்25. இரண்டு கன மீட்டர்தான், ரெடிமிக்ஸ் லாரி இவ்வளவு சின்ன வேலைக்கு வர யோசிக்கும், மிக்சர் மிஷின் வாடகைக்கு எடுத்துப் போட்டோம். அந்தப் பட்டை மட்டும் ஐந்து டன் எடை. தூண் கவிழ வேண்டுமென்றால் அதையும் சேர்த்துப் புரட்ட வேண்டும். தேவைக்கு மேல் என்று எஞ்சினியர் நண்பர் சிரித்தார். தூக்கிய காருக்கு அடியில் நிற்பது அவரல்ல.

இரண்டு எச்சரிக்கை. கொத்தனார் கலவையில் தண்ணீரைத் தாராளமாக விடுவார், இழுக்கச் சுலபம் என்பதற்காக. ஒவ்வொரு குடமும் பலத்தைக் குறைக்கும், பக்கத்திலேயே நில்லுங்கள். இன்னொன்று, பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்திக் குறைந்தது பத்து நாளாவது ஆற்றுங்கள், 28 நாள் முடியும்வரை போல்ட் அடிக்காதீர்கள். எம்25 என்ற பெயரே 28-ஆம் நாள் பலத்தை வைத்து வந்ததுதான்.

போர்டிகோவுக்கு அடியில் சம்ப் இருக்கிறது. பரவாயில்லையா?

அங்கே வேண்டவே வேண்டாம். தமிழ்நாட்டில் கார் நிறுத்தும் இடத்துக்கு அடியில்தான் தண்ணீர் சம்ப், சில வீடுகளில் செப்டிக் டேங்கும். மூடி ஒரு மூலையில் தெரியும், தொட்டி எதுவரை போகிறது என்பது கட்டியவருக்கே மறந்திருக்கும். கம்பை விட்டு உள்ளே நான்கு பக்கமும் தட்டிப் பார்த்து, மேலே சாக்பீஸில் கோடு போடுங்கள். சம்ப் மூடும் ஸ்லாப் கார் சக்கரத்தின் பாரத்தைத் தாங்கலாம். இழுவையைத் தாங்கும் ஆங்கருக்கு அது இடமல்ல. துளை போட்டால் ஒழுகலும் ஆரம்பிக்கும்.

அடுக்குமாடி ஸ்டில்ட் பார்க்கிங்கில் வைக்கலாமா என்று கேட்பவர்களுக்கும் பதில் இதுதான். அந்தத் தரை உங்களுடையது மட்டுமல்ல, சங்கத்தின் அனுமதியும் கட்டமைப்பு எஞ்சினியரின் கையெழுத்தும் இல்லாமல் ஒரு துளைகூடப் போடக் கூடாது.

எங்கள் பக்கம் கரிசல் மண்.

மழையில் உப்பி வெயிலில் சுருங்கும் மண். தரை ஒரு வருஷத்தில் வெடித்துக் காட்டும். தூண் வரும் இடத்தில் கரிசலை எடுத்துவிட்டு கிராவல் போட்டு அடுக்கடுக்காக இடிக்க வேண்டும். எவ்வளவு ஆழம் என்பதை மண்ணைப் பார்த்த எஞ்சினியரிடம் கேளுங்கள். நான் சொன்ன ஓரடிப் பட்டை செம்மண் நிலத்துக்கு. ஏற்கெனவே வெடிப்பு ஓடும் தரையில், வெடிப்புக்கு அருகில் போல்ட் அடிப்பதையும் கையேடுகள் தடுக்கின்றன.

எத்தனை டன் வாங்குவது?

ஸ்விஃப்ட் 900 கிலோ அளவில், இன்னோவா கிரிஸ்டா 1,800-க்கு மேல், ஃபார்ச்சூனர் 2,100-க்கும் மேல். சந்தையில் பரவலாகக் கிடைக்கும் 4 டன் இரண்டு தூண் எல்லாவற்றுக்கும் போதும். இதில் மனம் அலைய வேண்டியதில்லை. ஒன்று மட்டும்: 4 டன் என்பது நான்கு கைகளுக்கும் சேர்த்து. எஞ்சினும் கியர்பாக்ஸும் முன்னால் இருக்கும் காரில் முன் கைகள் இரண்டும் பின் கைகளைவிட அதிகம் சுமக்கும்.

தூணைச் சற்றுத் திருப்பி வைத்த மாடல் எதற்கு?

காரின் கதவைத் திறக்க. நேராக நிற்கும் தூண்களுக்கு நடுவில் கார் நடுமையமாக நின்றால் முன்கதவு சரியாகத் தூணில் இடிக்கும். தூணைத் திருப்பி, முன் கைகளைக் குட்டையாகவும் பின் கைகளை நீளமாகவும் வைத்தால் காரைக் கொஞ்சம் பின்தள்ளி நிறுத்தலாம், கதவு தப்பிக்கும். சின்ன கார்களுக்கு இது நல்லது. பின்னால் கனமான வேன், பிக்கப் தூக்குபவர் நேர் தூண் வாங்கட்டும்.

ஹைட்ராலிக்கா, ஸ்குரு லிப்டா?

இரண்டும் ஓடுகின்றன. ஹைட்ராலிக் என்பது எண்ணெய் அழுத்தத்தில் தூக்குவது. ஸ்குரு வகையில் நீண்ட மரை ஒன்று சுற்ற, அதில் ஏறும் நட்டு காரைத் தூக்கும். எண்ணெய் கசிவு கிடையாது. ஆனால் பாரம் தாங்கும் நட்டு தேயும். அதற்குக் கீழே ஒரு பாதுகாப்பு நட்டு சும்மா கூடவே போகும். இரண்டுக்கும் உள்ள இடைவெளி குறையக் குறைய மேல் நட்டு தேய்கிறது என்று அர்த்தம். அந்த இடைவெளியை அளக்கிறவர் ஸ்குரு வாங்கலாம். அளக்க மறக்கிறவர் ஹைட்ராலிக் வாங்குவது நல்லது. நான் இரண்டாம் ரகம்.

வீட்டில் சிங்கிள் ஃபேஸ்தான். ஓடுமா?

சிங்கிள் ஃபேஸ் மோட்டாரோடு கேட்டு வாங்குங்கள், கிடைக்கும். பெரும்பாலும் 2.2 கிலோவாட், அதாவது 3 எச்.பி. கிளம்பும் நொடியில் ஓடும் கரண்டைவிடப் பல மடங்கு இழுக்கும். ஆகவே வாஷிங் மெஷின் பிளக்கில் சொருகிவிடலாம் என்று நினைக்காதீர்கள். டி.பி.யிலிருந்து (மெயின் சுவிட்ச் பெட்டி) தனி லைன், 4 சதுர மி.மீ. செம்பு வயர், மோட்டாருக்கு ஏற்ற எம்.சி.பி. (கரண்ட் மிஞ்சினால் விழும் சுவிட்ச்), 30 மில்லியாம்ப் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் விழும் சுவிட்ச்), சரியான எர்த். சாயங்காலம் வோல்டேஜ் விழும் தெருவாக இருந்தால் லிப்ட் முனகும், தூக்காது. அப்போது விடாமல் பட்டனை அழுத்திக்கொண்டிருந்தால் மோட்டார் வெந்துவிடும்.

மூன்று ஃபேஸ் இருந்தால் அந்த மோட்டார் வாங்குங்கள், அது நீண்ட நாள் உழைக்கும். முதல் முறை இணைக்கும்போது பம்ப் சத்தம் போட்டும் தூக்கவில்லையென்றால் மோட்டார் பின்னோக்கிச் சுற்றுகிறது, இரண்டு ஃபேஸை மாற்றிப் போட்டால் சரி.

கார் மேலே இருக்கும்போது கரண்ட் போனால்?

கீழே விழாது. ஆனால் கீழே வரவும் வராது. இதைக் கடைக்காரர் சொல்ல மாட்டார். வேலை செய்யும்போது கார் எண்ணெயின் மேல் நிற்கக் கூடாது, இரும்பு லாக்கின் மேல் நிற்க வேண்டும். லாக்கிலிருந்து விடுபட லிப்ட் முதலில் ஓரங்குலமாவது மேலே போக வேண்டும், அதற்கு மோட்டார் வேண்டும். வீட்டு இன்வெர்ட்டர் 3 எச்.பி. மோட்டாரைக் கிளப்பாது. கை பம்ப் வைத்த மாடல் கிடைத்தால் வாங்குங்கள். இல்லாவிட்டால் மாதாந்திர மின்தடை அறிவிப்பைப் பார்த்துவிட்டு ஏற்றுங்கள். ஆபீஸ் போக வேண்டிய கார் காலை ஒன்பது மணிக்கு அந்தரத்தில் நின்றதால் பஸ்ஸில் போன நாள் எனக்கும் உண்டு.

சிஇ முத்திரை இருந்தால் நம்பலாமா?

சிஇ என்பது ஐரோப்பிய முத்திரை, ஆனால் ஸ்டிக்கரை யார் வேண்டுமானாலும் ஒட்டலாம். ஐரோப்பாவில் வாகன லிப்டுகளுக்கான தரநிலை இஎன் 1493. அதன்படி சோதித்த சான்றிதழில் உங்கள் மாடல் எண் இருக்கிறதா என்று பாருங்கள். அமெரிக்க வழியில் ஏஎல்ஐ (ஆட்டோமோட்டிவ் லிப்ட் இன்ஸ்டிடியூட்) அமைப்பின் சான்று, அதன் பட்டியலில் மாடலைத் தேடிச் சரிபார்க்கலாம். இரண்டும் இல்லாதது எல்லாம் மட்டம் என்று சொல்ல மாட்டேன். நம் ஊரிலேயே செய்கிறவர்கள் இருக்கிறார்கள். கோவைக்காரரான எனக்கு ஏடிஎஸ் எல்ஜி பக்கத்தில் இருப்பது வசதி, பெங்களூரில் மதுஸ் இருக்கிறது. யாரிடம் வாங்கினாலும் நான் கேட்பது மூன்று: தமிழிலோ ஆங்கிலத்திலோ முழுக் கையேடு, ஐந்து வருஷம் கழித்து வயர் ரோப்பும் சீலும் கிடைக்குமா என்பது, பூட்ட வருவது கம்பெனி ஆளா வெளியாளா என்பது.

மூடிய ஷோரூமிலிருந்து செகண்ட் ஹேண்ட் மலிவாக வருகிறதே?

மலிவு உண்மைதான். கை மடங்கும் இடத்தில் இரும்பு முளை ஆடுகிறதா, கேரியேஜில் (கைகளைத் தாங்கித் தூணுக்குள் ஏறி இறங்கும் பாகம்) மறுபடி வெல்டிங் அடித்த தடம் உண்டா, சிலிண்டர் தண்டில் கீறல் உண்டா, வயர் ரோப்பில் ஒரு இழையாவது அறுந்து நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். ஓடும் நிலையில் பாரத்தோடு தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். தூணில் கம்பெனியின் பெயர்த் தகடு இல்லை, கையேடு இல்லை, புதுப் பெயின்ட் மட்டும் பளபளக்கிறது என்றால் வந்த வழியே திரும்புங்கள்.

நானே பூட்டிக்கொள்ளலாமா?

கையேட்டைப் பொறுமையாகப் படிப்பவர் செய்ய முடியாத வேலையல்ல. ஆனால் கம்பெனி ஆள் பூட்டினால்தான் வாரண்டி என்பவர்கள் உண்டு, முதலில் அதைக் கேளுங்கள். மொத்தம் 600, 700 கிலோ சாமான். லாரியிலிருந்து இறக்கவே பாதி நாள் போகும். தெரு அகலமாக இருந்தால் ஹைட்ரா கிரேன் கூப்பிடுங்கள், இல்லையென்றால் செயின் பிளாக்கும் ஐந்தாறு பேரும். தூணை ஆள்பலத்தில் நிமிர்த்தும் வீரம் வேண்டாம்.

தூண் நிற்கும் இடத்தை சாக்பீஸில் வரைந்து இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து சமமாக்குங்கள். அடித்தகட்டின் துளையையே வழிகாட்டியாக வைத்து டிரில் செய்ய வேண்டும். துளைக்குள் இருக்கும் சிமெண்ட் தூளை ஊதி, பிரஷ் விட்டு, மறுபடி ஊதி எடுக்க வேண்டும். இதைச் சோம்பலில் விட்டால் ஆங்கர் தூளைத்தான் பிடிக்கும். ரசமட்டம் வைத்துத் தூணைச் செங்குத்தாக்க இரும்புத் தகட்டுத் துண்டுகளை அடியில் செருகலாம், அரை அங்குலத்துக்கு மேல் போனால் தரையில்தான் கோளாறு. ஷெட் தரைக்குத் தண்ணீர் ஓட வாட்டம் கொடுத்திருப்பார்கள், தூண் நிற்கும் பட்டைக்கு மட்டும் வாட்டம் வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். எனக்குத் தோன்றவில்லை, நிறையத் தகடு செருகினேன்.

நட்டை டார்க் ரெஞ்சில் (முறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) கையேட்டு அளவுக்கு முறுக்குங்கள். முறுக்க முறுக்க போல்ட் மேலே ஏறி வந்துகொண்டே இருந்து அளவு ஏறவில்லையென்றால் கான்கிரீட் தேறவில்லை. நட்டை இன்னும் பலமாக முறுக்குவது தீர்வல்ல. ஒரு வாரம் ஓட்டிவிட்டு எல்லா நட்டையும் மறுபடி பாருங்கள்.

முதன்முதலாகக் காரை ஏற்றும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

காருக்குள் யாரும் இருக்கக் கூடாது, பின்சீட்டில் தூங்கும் குழந்தையும் சேர்த்து. கார் கையேட்டில் தூக்கும் இடம் நான்கு காட்டியிருக்கும், ரப்பர் பேட் சரியாக அங்கே உட்கார வேண்டும். சக்கரம் தரையைவிட்டு ஒரு சாண் கிளம்பியதும் நிறுத்தி, பம்பரைப் பிடித்து நன்றாக ஆட்டுங்கள். ஆட்டத்தில் வழுக்குவதென்றால் அந்த உயரத்தில் வழுக்கட்டும். பிறகு ஏற்றி, லாக் இரண்டு பக்கமும் 'டக்' 'டக்'கென்று விழும் சத்தத்தைக் காதால் கேட்டு, பாரத்தை லாக்கின் மேல் இறக்கிய பிறகுதான் அடியில் போக வேண்டும். ரேடியோவை நிறுத்திவிடுங்கள். ஒரு பக்கம் மட்டும் சத்தம் கேட்டால் இறக்கிவிட்டு என்னவென்று பாருங்கள்.

பொலேரோ, ஸ்கார்பியோ, தார் போன்றவற்றுக்குத் தனி சேஸிஸ் உண்டு, அதைப் பிடிக்க உயர அடாப்டர் தேவைப்படும். லிப்டோடு சேர்த்து வாங்கிவிடுங்கள். மரக்கட்டை வைத்துச் சமாளிப்பதைப் பார்த்திருக்கிறேன், பார்த்ததுமே வெளியே வந்துவிட்டேன்.

பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு: பத்மினிக்கும் அம்பாசடருக்கும் தனி சேஸிஸ் கிடையாது, பாடிதான் எல்லாம். அடி விளிம்பு வெளியே பெயின்டோடு அழகாக இருக்கும், உள்ளே துரு தின்று காகிதமாக இருக்கும். என் பத்மினியை முதல் தடவை தூக்கியபோது 'நறநற'வென்று சத்தம், ஒரு பேட் இரண்டங்குலம் உள்ளே போய்விட்டது. ஒரு சாண் உயரத்தில் நிறுத்தும் பழக்கம் அன்று காரைக் காப்பாற்றியது. ஸ்க்ரூடிரைவர் முனையால் விளிம்பு முழுக்கத் தட்டிப் பாருங்கள், மொத்தையாகச் சத்தம் வரும் இடத்தில் கை வைக்காதீர்கள்.

எஞ்சினை இறக்கும் வேலையென்றால், கழற்றிய நொடியில் முன்பக்கம் இலேசாகிவிடும், கார் பின்னால் சாயப் பார்க்கும். வாலுக்கு அடியில் உயரமான ஸ்டாண்டு ஒன்றைக் கொடுத்துவிட்டே போல்ட்டைக் கழற்றுங்கள்.

எலக்ட்ரிக் கார்?

தூக்கலாம். அடிப்பக்கம் முழுக்க பேட்டரி இருப்பதால் பேட் வைக்க விளிம்பு மட்டுமே மிஞ்சும். கை நீண்டு பேட்டரிப் பெட்டியின் தகட்டில் படக் கூடாது. உயரம் குறைந்த, தட்டையான கைகள் உள்ள மாடலாகப் பார்த்து வாங்குங்கள். பேட்டரியைக் கழற்றும் எண்ணம் இருந்தால் அது வீட்டு வேலையல்ல.

லிப்டுக்குப் பதில் ஒரு குழி வெட்டினால்?

பழைய ஷெட்களில் குழிதான். செலவு குறைவு, மழைக்காலத்தில் நீச்சல் குளம். உண்மையான ஆபத்து வேறு: பெட்ரோல் ஆவியும் எல்பிஜியும் காற்றைவிடக் கனம், இரண்டும் குழியில் இறங்கித் தங்கும். அங்கே ஒரு ஒயர் பல்பு உடைந்தால் போதும். டேங்க், ஃபியூவல் பைப் வேலையைக் குழியில் செய்யவே கூடாது.

அனுமதி ஏதாவது வாங்க வேண்டுமா?

சொந்தக் காரை, சொந்த இடத்தில், அதே தளத்தில் தூக்குவது ஒரு கருவிதான். காரை மாடிக்கு மாடி கொண்டுபோகும் லிப்ட் வேறு ரகம், அந்த யோசனை இருந்தால் தமிழ்நாடு லிப்ட் மற்றும் எஸ்கலேட்டர் சட்டம், 1997 பற்றித் தெரிந்த ஒப்பந்தக்காரரைப் பிடியுங்கள். ஷெட்டே புதிதாகக் கட்டுவதாக இருந்தால் கட்டட அனுமதி தனி. நண்பர்கள் காரைக் காசு வாங்கிப் பார்க்க ஆரம்பித்தால் வீட்டு மின்கட்டணத்தில் அதை ஓட்ட முடியாது, மின்வாரியம் வணிக இணைப்பு கேட்கும். அதைவிட முன்னதாகப் பக்கத்து வீட்டுக்காரர் கேட்பார்.

பராமரிப்பு?

மாதம் ஒரு தடவை வயர் ரோப்பைத் துணியால் தடவிப் பாருங்கள், துணி சிக்கினால் இழை அறுந்திருக்கிறது. இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் நிற்கிறதா என்று டேப்பில் அளங்கள், வித்தியாசம் இருந்தால் ரோப்பை இழுத்துச் சரிசெய்ய வேண்டும். தூணின் உள்சுவரில் கேரியேஜ் உரசும் இடத்துக்கு கிரீஸ். எண்ணெய் கையேட்டில் சொன்ன ரகம், நம் வெயிலுக்குப் பெரும்பாலும் 46-ஆம் நம்பர் ஹைட்ராலிக் எண்ணெய். பிரேக் ஆயிலை மட்டும் தவறிக்கூட ஊற்றாதீர்கள், சீல் எல்லாம் ஊதிவிடும். வருஷத்துக்கு ஒரு தடவை ஆங்கர் நட்டுகளை டார்க் ரெஞ்சில் பார்த்துவிட்டு, வெளியாள் ஒருவரைக் கூப்பிட்டு முழுதாகக் காட்டுங்கள். தினமும் பார்க்கிற கண்ணுக்குத் தேய்மானம் தெரியாது.

வீடு மாறினால் லிப்டைக் கழற்றி எடுத்துப் போகலாமா?

தாராளமாக. எண்ணெயை வடித்து, குழாய்களுக்கு மூடி போட்டு, நட்டைக் கழற்றினால் தூண் வந்துவிடும். ஆங்கர் போல்ட் வராது. தரைமட்டத்துக்கு கிரைண்டரில் அறுத்துவிட்டு, புது இடத்துக்குப் புது ஆங்கர் வாங்குங்கள். பழைய துளையிலேயே மறுபடி ஆங்கர் அடிக்க முயலாதீர்கள். அந்த ஐந்து டன் பட்டை மட்டும் அங்கேயே கிடக்கும். அடுத்து வருபவர் அதன் மேல் துளசிமாடம் வைத்துக்கொள்ளலாம், அசையாது.